டிகாலா: ஊர் நீங்கிய புல்வெளி

இமயமலையின் வெளிவரிசைக் குன்றுகளுக்கும் அவற்றுக்குத் தெற்கே தாழ்ந்து நீளும் சிவாலிக் தொடருக்கும் இடையில் அகன்று கிடக்கும் பள்ளத்தாக்குகளை அப்பகுதி மக்கள் டூன் என்று அழைக்கின்றனர். டேராடூன் என்னும் ஊர்ப்பெயரின் பிற்பாதியாகத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பதும் இச்சொல்தான். உத்தராகண்டில் ராம்கங்கை ஆறு பாயும் அத்தகைய பள்ளத்தாக்கொன்று பட்லி டூன் எனப்படும். அங்கே, ஆற்றை நோக்கிய ஒரு மேட்டில், கார்பெட் தேசியப் பூங்காவின் உட்பகுதியில் அமைந்துள்ள டிகாலா வன ஓய்வு விடுதியில் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இக்கட்டுரையாசிரியர் தம் தந்தையாருடன் மூன்று இரவுகள் தங்கியிருந்தார். விலங்குகளைக் காண்பதே பயணத்தின் நோக்கம். அவை காணவும் கிடைத்தன. ஆயினும் ஆண்டுகள் கடந்த பின் அந்நாட்களை எண்ணும்போது, புலிக்கும் யானைக்கும் முன்பாக, அவை நடமாடிய நிலம் எவ்வாறு அந்நிலையை அடைந்தது என்று அங்கே கேட்டறிந்த செய்தியும், அதைக் கேட்டபோது தந்தையார் காத்த மௌனமுமே நினைவில் எழுகின்றன.

தந்தையார் அப்போது எழுபத்தெட்டு அகவை நிரம்பியவர். அணை கட்டும் பொறியியலில் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர். 1960களில், பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஆனைமலையின் உள்ளே பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கான அளவைப் பணிகளில் கூடாரமடித்து வாழ்ந்தவர் என்பதால், காட்டில் தங்குவது அவருக்குப் புதிதன்று. வேலையில்லாமல் காட்டில் தங்குவதுதான் அவருக்குப் புதிது. தில்லியிலிருந்து இரவு ரயிலில் ராம்நகர் சென்று இறங்கிய காலையில் அவர் முதலில் கேட்டது, அங்கே என்ன வேலை இருக்கிறது என்பதையே.

ராம்நகருக்கு வடக்கே ராணிக்கேத் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள தன்கடி வாயிலில் அனுமதிச் சீட்டைச் சரிபார்த்து, பதிவேட்டில் பெயரெழுதிய பின், முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டுப் பாதை தொடங்குகிறது. அப்பாதையில் எவ்விடத்திலும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. கதிரவன் மறையுமுன் விடுதியின் வேலிக்குள் வந்துவிட வேண்டும். விடுதியில் ஊனுணவும் மதுவும் இல்லை. வறண்ட ஓடைகளெல்லாம் மழைக்காலத்தில் பெருக்கெடுத்துப் பாதையை அறுத்துவிடும் என்பதால், ஜூன் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை டிகாலா மூடப்பட்டிருக்கும். அவ்வகை ஓடையைச் சோத் என்பர். ஆண்டில் பல மாதங்கள் உருண்டைக் கற்கள் மட்டுமே கிடக்கும் அகன்ற தடமாகத் தோன்றும் அது, மலையில் மழை பெய்த சில மணி நேரத்துக்குள் யானையும் கடக்கத் தயங்கும் வெள்ளமாக மாறக்கூடியது. பாதையின் இருமருங்கும் சால் மரங்கள் நேராக உயர்ந்து நின்றன. ஏப்ரலில் அவை புதுத்தழை விட்டிருந்தமையால் காட்டின் உள்ளே விழுந்த ஒளிகூட இளம்பச்சையாக இருந்தது.

சால் மரமே அவ்விடுதியின் பிறப்புக்குக் காரணம் எனலாம். உறுதியும் நீடித்த உழைப்பும் கொண்ட அம்மரம் இந்தியாவில் இருப்புப்பாதைகள் பரவிய காலத்தில் தண்டவாளக் கட்டைகளுக்காகப் பெருமளவில் வெட்டப்பட்டது. 1864இல் டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளராக அமர்த்தப்பட்டபோது, அரசின் கவலை காட்டுயிர்களைப் பற்றியது அன்று. மரம் தீர்ந்துவிடுமோ என்பதே. எந்த மரத்தை எப்போது வெட்டலாம், எத்தனை ஆண்டு விட்டுவைக்கலாம் எனக் கணக்கிட்டுச் சுற்றிவந்த அலுவலர்கள் தங்குவதற்கு ஒரு நாள் பயணத் தொலைவுக்கு ஒன்றாகக் கட்டப்பட்டவையே வன ஓய்வு விடுதிகள். சாரப்துலி, கைரால், கின்னனௌலி, டிகாலா என ராம்கங்கையை ஒட்டி அவை வரிசையாக நிற்பதன் பொருள் இதுதான். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் முன்புறத் தாழ்வாரமும் கொண்ட பழைய கட்டடத்தைக் கண்டவுடன் தந்தையார் முகத்தில் தோன்றிய மலர்ச்சி நினைவில் நிற்கிறது. தமிழ்நாட்டின் பாசனப் பணிகளில் ஐ.பி. என்று சுருக்கமாக வழங்கும் ஆய்வு மாளிகைகளும் இதே வடிவின என்றும், தாழ்வாரத்தின் அகலத்தைக் கொண்டே எந்தக் காலத்துக் கட்டடம் எனச் சொல்லிவிடலாம் என்றும் அவர் விளக்கினார். பின்னர் அத்தாழ்வாரத்தை அடியால் அளந்தும் பார்த்தார்.

விலங்குகளைக் காண்பதற்கென்றே கட்டப்படும் விடுதி இதனினும் பிற்பட்ட கருத்து. அவ்வகையில் உலகப் புகழ்பெற்றது கென்யாவின் அபர்டேர் காட்டில் 1932இல் ஒரு பெருமரத்தின்மேல் இரண்டு அறைகளோடு தொடங்கிய ட்ரீடாப்ஸ் ஆகும். டிகாலாவைச் சூழ்ந்த பூங்காவுக்குப் பெயர் தந்த ஜிம் கார்பெட்டின் இறுதிக்காலம் அந்த மரவீட்டோடு பிணைந்திருப்பது வியப்பான தொடர்பு. 1875இல் நைனிடாலில் பிறந்து, ஆட்கொல்லி விலங்குகளைச் சுட்டவராகவும் பின்னர் புலியைக் காக்க வேண்டுமென்று எழுதியவராகவும் அறியப்பட்ட அவர், 1947இல் இந்தியாவை விட்டுக் கென்யாவில் குடியேறினார். 1952 பிப்ரவரி 5ஆம் நாள் இரவு, இளவரசி எலிசபெத் ட்ரீடாப்ஸில் தங்கி நீர்நிலைக்கு வந்த விலங்குகளைப் பார்த்திருந்தபோது கார்பெட்டும் உடனிருந்தார். பொழுது புலர்வதற்குள் இங்கிலாந்தில் அரசர் ஆறாம் ஜார்ஜ் உறக்கத்திலேயே இறந்துவிட்டதால், மரத்திலிருந்து இறங்கியபோது அப்பெண் அரசியாகியிருந்தார். கார்பெட் 1955இல் அங்கேயே மறைந்தார். அவர் பெயர் சூட்டப்பட்டபோது பூங்காவுக்கு வயது இருபதை எட்டியிருந்தது. 1936 ஆகஸ்டு 8ஆம் நாள் ஐக்கிய மாகாணத்தின் ஆளுநராக இருந்த மால்கம் ஹெய்லியின் பெயரால் இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, விடுதலைக்குப் பின் சிறிது காலம் ராம்கங்கா என்றும் அழைக்கப்பட்டு, அதன் பின்னரே கார்பெட் என்னும் பெயரை அது பெற்றது.

விடுதி வாழ்க்கையின் ஒழுங்கு எளிமையானது. விடியுமுன் தேநீர், வெளிச்சம் வந்தவுடன் ஜிப்சி எனப்படும் திறந்த வண்டியில் வழிகாட்டியோடும் ஓட்டுநரோடும் காட்டுக்குள் செல்லுதல், முற்பகலில் திரும்பிக் குளித்து, உணவகத்தில் பருப்பும் சப்பாத்தியும் உண்டு, வெயில் தணியும்வரை தாழ்வாரத்தில் அமர்ந்திருத்தல், பிற்பகலில் மீண்டும் ஒருமுறை செல்லுதல், இருட்டியபின் மின்வேலிக்குள் அடங்கியிருத்தல். நண்பகலின் அந்த நீண்ட இடைவெளியைப் பல பயணிகள் உறங்கிக் கழித்தனர். மேட்டின் விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே ஆற்றின் ஆழமான மடுக்களில் கரியல்கள் மிதப்பது தெரியும் என்பதால் தந்தையார் உறங்க மறுத்துவிட்டார். நீண்டு மெலிந்த அலகு போன்ற தாடையால் பெரும்பாலும் மீனையே பிடித்துண்ணும் இம்முதலையினத்தில், முதிர்ந்த ஆணின் மூக்குநுனியில் குடம் கவிழ்த்தாற்போல ஒரு புடைப்பு உண்டு; இந்தியில் கடா என்றால் குடம், அதிலிருந்தே இப்பெயர் வந்தது. ஒரு காலத்தில் அழிவின் விளிம்புக்குச் சென்ற இவ்விலங்கு, வளர்ப்பிடங்களில் முட்டை பொரித்து வளர்க்கப்பட்டு ராம்கங்கையில் விடப்பட்டமையால் இங்கே மீண்டும் காணக் கிடைக்கிறது.

காட்டைப் பார்ப்பதற்கு முன் கேட்கப் பழக வேண்டும் என்பதை முதல் நாள் காலையிலேயே வழிகாட்டி உணர்த்தினார். நாற்பதைக் கடந்தவர், குறைவாகப் பேசுபவர். பாதை பிரியும் இடங்களில் வண்டியின் இயக்கத்தை நிறுத்தச் சொல்லி, சில நேரம் கால் மணிக்கும் மேலாக ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருப்பார். இரைவிலங்குகள் புலியையோ சிறுத்தையையோ கண்டால் எழுப்பும் எச்சரிக்கைக் குரலே அவர் எதிர்பார்த்தது. அக்குரல்களுக்கு இடையே நம்பகத்தின் படிநிலை ஒன்று உண்டு என்று அவர் விளக்கினார். புள்ளிமான் கூர்மையாகவும் மெல்லியதாகவும் ஒற்றைக் குரலெழுப்பி முன்னங்காலைத் தரையில் தட்டும். ஆனால் அது அச்ச இயல்பு மிக்கது, காரணமின்றியும் கூவிவிடும். காகட் என அங்கே வழங்கும் கேளையாடு நாய் குரைப்பது போலக் குரைக்கும்; அதன் சொல்லையும் பாதிதான் நம்பலாம். உயரத்தில் அமர்ந்து மேலிருந்து பார்க்கும் மந்தியின் தொண்டைக் கனைப்பு இவற்றைவிட மேலானது. கடமான் மட்டும் எளிதில் வாய் திறப்பதில்லை. வால் நிமிர்த்து, காலைத் தரையில் ஊன்றி, பெரிய உலோகப் பாத்திரத்தில் அடித்தது போன்ற ஆழ்ந்த குரலை அது திரும்பத் திரும்ப எழுப்புமானால், அங்கே புலி நடந்துகொண்டிருக்கிறது என்று துணியலாம். நடந்துகொண்டிருக்கிறது என்பது முக்கியம். புலி படுத்துவிட்டால் குரல்கள் அடங்கிவிடும். ஆகவே குரல் நின்ற இடமும் ஒரு செய்தியே. கார்பெட் தம் இளமைக்காலக் காட்டறிவைப் பதிந்த ஜங்கிள் லோர் என்னும் நூல் பெரிதும் இவ்வகைக் கேள்வியறிவைப் பற்றியது என்பது, அந்நூலைப் படித்தபோது விளங்கியதைவிட அந்த வண்டியில் அமர்ந்திருந்தபோதே நன்கு விளங்கியது.

தந்தையாருக்கு இடது காது சற்று மந்தம். குரல் எத்திசையிலிருந்து வருகிறது என்பதை அவரால் பிரிக்க இயலவில்லை. அவர் மாற்றுவழி ஒன்றைக் கண்டுகொண்டார்: புள்ளிமான் கூட்டம் முழுவதும் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கிறதோ அத்திசையைப் பார்ப்பது. அளவைக்கோல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்பதை ஆட்கள் பார்க்கும் பக்கத்தைக் கொண்டு அறிவது போன்றது இது என்று அவர் சொன்னதை மொழிபெயர்த்தபோது, வழிகாட்டி முதன்முறையாகச் சிரித்தார். அதன் பிறகு அவர்கள் இருவரும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே நெடுநேரம் பேசிக்கொள்ளத் தொடங்கினர். சைகையும் தரையில் குச்சியால் இழுத்த கோடுகளும் போதுமானவையாக இருந்தன.

புலி இரண்டாம் நாள் மாலை தென்பட்டது. ஆற்றின் ஆழமற்ற துறையைக் கடந்து, நனைந்த வயிற்றோடு மறுகரை மணலில் ஏறி, நாணற்புதருக்குள் மறைந்தது. காட்சி ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அச்செய்தி எவ்வாறோ பரவி, சிறிது நேரத்தில் பல வண்டிகள் அங்கே கூடி, நல்ல இடம் பிடிப்பதற்காக ஒன்றையொன்று நெருக்கி நின்றதும், புலி மறைந்தபின்னும் இரைச்சல் அடங்காமல் இருந்ததும் வேதனை தருவனவாக இருந்தன. இந்நாட்டில் 1972ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1827 புலிகளே எஞ்சியிருந்தன என்பதையும், அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் நாள் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது இதே டிகாலாவில்தான் என்பதையும் எண்ணினால், அந்த நனைந்த விலங்கு அங்கே இருப்பதே எத்தனை பேருடைய உழைப்பின் பயன் என்பது புலப்படும். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி கார்பெட் காப்பகத்தில் மட்டும் 260 புலிகள் உள்ளன. இந்தியாவின் காப்பகங்களுள் இதுவே மிகுதி.

டிகாலாவின் தனிச்சிறப்பு புலியன்று. விடுதிக்கு முன்னே தொடங்கி ராம்கங்கை நீர்த்தேக்கத்தின் விளிம்புவரை விரியும் புல்வெளியும், கோடையில் அதன்மேல் வந்து கூடும் யானைகளுமே. இத்தகைய புல்வெளியை அங்கே சவுர் என்பர். குளிர்காலத்தின் இறுதியில் முதிர்ந்த புல்லை வனப் பணியாளர் முறையாகத் தீயிட்டு எரிப்பதும், கோடையில் நீர்த்தேக்கம் வற்றிப் பின்வாங்கும்போது ஈரமண்ணில் புதுப்புல் முளைப்பதும் சேர்ந்து, சுற்றியுள்ள காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில் இங்கே பசுமை மிஞ்சுகிறது. மூன்றாம் நாள் பிற்பகல் அவ்வெளியில் நான்கு கூட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் முதிர்ந்த பிடியொன்று நடத்தியது; கன்றுகள் பெரியவற்றின் கால்களுக்கிடையே நடந்தன. யானை புல்லைத் துதிக்கையால் சுற்றிப் பிடுங்கி, வேரிலுள்ள மண் உதிரும்படி அதனை முன்னங்காலில் இரண்டு மூன்று முறை அடித்து, அதன் பின்னரே வாயிலிடுகிறது. நூற்றுக்கணக்கான முறை ஒரே சீராக நிகழும் அச்செயலின் ஓசை, காற்று எதிர்ப்புறமிருந்து வீசும்போது, களத்துமேட்டில் தாள் அடிக்கும் ஓசையை ஒத்திருந்தது. கன்றொன்று அடிக்கத் தெரியாமல் மண்ணோடு தின்று, பின்னர் தாயின் காலருகே நின்று தாயடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வண்டி நகரவில்லை. ஒரு களிறு மட்டும் தனியே, கன்னங்களில் மதநீர் வழிந்த கறையோடு, நீர்விளிம்பில் நின்றது. வழிகாட்டி அதன் காதசைவையே பார்த்துக்கொண்டிருந்தார், காதுகள் அசையாமல் நின்றுவிட்டால் புறப்பட வேண்டும் என்றார்.

இவ்விடத்தில் காட்டுயானையல்லாத யானைகளைப் பற்றியும் ஒன்று குறிப்பிடத் தகும். காட்டைக் காவல் செய்வதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் கர்நாடகத்திலிருந்து யானைகள் டிகாலாப் பக்கத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, அவை கன்னடக் கட்டளைகளுக்கு மட்டுமே பணிந்தமையால் அப்பகுதிப் பாகர்கள் அச்சொற்களைக் கற்க வேண்டியதாயிற்று என்று அங்கே கூறப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த முதியவரொருவருக்கு இச்செய்தி தந்த மகிழ்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

அன்று மாலை யானைகளுக்கு அப்பால் தந்தையார் வேறொன்றைக் கண்டார். எதிர்க்கரைச் சரிவில், மண்ணின் நிறம் மாறும் ஒரு கோடு, வரைகோல் வைத்துக் கிழித்தது போல நெடுந்தொலைவு சென்றது. அதற்கு மேல் மரங்கள். கீழே வெற்று மண்ணும் புல்லும், ஆங்காங்கே பட்ட மரங்களின் அடித்தண்டுகளும். நீர்த்தேக்கம் முழுமையாக நிரம்பும்போது தண்ணீர் நிற்கும் அளவு அது. பொறியாளர்கள் அதனை முழுக் கொள்ளளவு மட்டம் என்பர். பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கத்தில், காலாகட் என்னுமிடத்தில், பாசனத்துக்கும் மின்னாக்கத்துக்குமாக ராம்கங்கையின் குறுக்கே எழுந்த 128 மீட்டர் உயர மண்ணணை 1974இல் நிறைவுற்றபோது, பூங்காவின் தாழ்நிலத்தில் ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர் நீரில் மூழ்கியது. மலைச்சரிவல்ல, ஆற்றோரப் புல்நிலமே மூழ்கியது என்பதுதான் இழப்பின் கனத்தைக் கூட்டியது. சதுப்புப் புல்லில் வாழும் பாராசிங்கா மான் இப்பகுதியிலிருந்து அற்றுப்போயிற்று. தலையைத் தாழ்த்திப் பன்றிபோல் புதருக்குள் பாய்ந்தோடும், பாடா எனப்படும் சிறுமான் பெரிதும் குறைந்துவிட்டது. மறுபுறம், அந்த நீர்ப்பரப்பே மீனுக்கும் முதலைக்கும் குளிர்கால வலசைப் பறவைகளுக்கும் இடமாயிற்று. அன்று யானைகள் மேய்ந்த பசும்புல் அது பின்வாங்கியதால் முளைத்ததே. அணையால் இழந்தது எது, பெற்றது எது என்று கணக்கு முடிக்க அந்நிலம் இடம் தருவதில்லை.

தந்தையார் அக்கோட்டைப் பார்த்தபடி, அணைக்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்கச் சொன்னார். விலங்குகளைப் பற்றியே வினவப்பட்டுப் பழகிய வழிகாட்டி சற்றுத் தயங்கி, அணைக்கு நெடுங்காலம் முன்பே மனிதர் போய்விட்டனர் என்றார். அவர் சொன்னது வரலாற்றோடு பொருந்துவது. பட்லி டூனின் சில பகுதிகளில் மலையடித் தாழ்நிலமான தராயைச் சேர்ந்த போக்சா பழங்குடியினர் பயிரிட்டு வந்தனர். 1850களின் இறுதியிலும் 1860களின் தொடக்கத்திலும், மேஜர் ராம்சே என்னும் பிரித்தானிய அலுவலர் இக்காடுகளைச் சீரமைக்க முற்பட்டபோது, பயிர்த்தொழில் தடுக்கப்பட்டு, மாட்டுப்பட்டிகள் அகற்றப்பட்டு, மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1868இல் வனத்துறையின் பொறுப்புக்கு வந்த இக்காடு 1879இல் ஒதுக்கப்பட்ட காடாயிற்று. சால் காட்டின் நடுவே மரமின்றி விரியும் பல சவுர்கள் இயற்கையின் தற்செயலால் தோன்றியவை அல்ல. உழுது விதைத்த வயல்கள் கைவிடப்பட்டுப் புல்லானவை. மான் மேய்வதும் யானை மேய்வதும் தீயிடுவதும் அப்புல்லை மரமாக விடாமல் வைத்திருக்கின்றன. பூங்காவின் தெற்கு ஓரத்திலோ இது அண்மைக் கால நிகழ்வு: ஜிர்னா, கோட்டிரௌ, தாரா முதலிய ஊர்கள் 1990களின் முற்பகுதியில் வெளியே எடுத்துச்செல்லப்பட்டு, அவற்றின் வயல்கள் புல்வெளிகளாக விடப்பட்டன.

அவ்வூர்களுள் ஒன்றில் தாம் பிறந்ததாக வழிகாட்டி அப்போதுதான் தெரிவித்தார். ஊர் பெயர்ந்தபோது அவருக்குப் பதினான்கு வயதிருக்கலாம். ஆண்டின் சில மாதங்கள் அவருக்கு அந்தத் தென்பகுதியில் பணி. தம் வீடு நின்ற இடத்தின் வழியே பயணிகளை அழைத்துச் சென்று புலித்தடம் காட்டுவதுண்டு என்றார். வருத்தமா என்று தந்தையார் கேட்டார். புதிய இடத்தில் பள்ளியும் சாலையும் இருப்பதையும், பயிரை யானை தின்னாததையும், பழைய இடத்தில் கிணற்று நீர் இனிப்பாக இருந்ததையும் அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாரேயன்றி, கேள்விக்கு விடை சொல்லவில்லை.

ஐந்திணைக் கருப்பொருள்களைத் தொல்காப்பியம் வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை ஆகியவற்றோடு அந்நிலத்தார் செய்யும் தொழிலையும் ஒரே நிரலில் வைக்கிறது. மனிதர் செயலும் விலங்கும் மரமும் ஒரே நிலத்தின் உறுப்புகள் என்பது அவ்விலக்கணத்தின் துணிபு. தேசியப் பூங்கா என்னும் கருத்து இந்நிரலிலிருந்து தொழிலையும் பறையையும் நீக்கிவிட்டு எஞ்சியதைக் காடு என்கிறது. அவ்வாறு நீக்கியிராவிடில் புலி எஞ்சியிராது என்பதை மறுப்பது கடினம்; இக்கட்டுரையாசிரியர் மறுக்கவும் இல்லை. ஆனால் மனிதர் கால்படாத இயற்கை என்று விடுதிக்கு வருவோரிடம் சொல்லப்படுவது உண்மையன்று. அது மனிதர் நீங்கியதால் உண்டான இயற்கை. நீங்கியோர் விரும்பி நீங்கவில்லை. அப்புல்வெளியின் அழகை மனமார நுகர்வோர் அதனைக் கொடுத்தவர் யார் என்பதையும் அறிந்திருக்கக் கடமைப்பட்டவர்கள். வாயிலில் வழங்கப்படும் விதிமுறைத் தாளில் விலங்குகளின் பெயர்களோடு அவ்வூர்களின் பெயர்களும் இடம்பெற வேண்டும்.

கடைசி இரவு விடுதியின் விளக்குகள் அணைந்தபின் தந்தையாரும் மகனும் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தனர். வேலிக்கு அப்பால் பக்கிக் குருவியொன்று கட்டையைத் தட்டுவது போல இடைவிடாமல் ஒலித்தது; தொலைவில் யானைகள் நீரில் இறங்கும் ஓசை கேட்டது. நெடுநேரம் கழித்துத் தந்தையார் பரம்பிக்குளத்தைப் பற்றிப் பேசினார். அங்கே அளவைச் சங்கிலியைச் சுமந்து முன்னே நடந்தவர்கள் காடர் இனத்து ஆட்கள்; எந்த ஓடையை எங்கே கடக்கலாம், எந்த மரத்தில் தேன் இருக்கிறது, யானை எவ்வழியில் இறங்கும் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் ஒருநாள் மழைக்கிடையே, தம் குடிசை எந்த மட்டத்தில் வரும் என்று கேட்டிருக்கிறார். கருவியை நட்டுப் பார்த்து, குடிசை மட்டத்துக்குக் கீழே வரும் என்பதைத் தெரிந்துகொண்ட இளம் பொறியாளர், மறுநாள் சொல்வதாகக் கூறியிருக்கிறார். மறுநாள் முகாம் வேறிடத்துக்கு மாறியது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதனை அவர் வீட்டில் எவரிடமும் சொன்னதில்லை. “சொல்லிட்டு வந்திருக்கணும்ப்பா” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. மகன் அவருடைய கையைப் பற்றிக்கொண்டார். பக்கிக் குருவி நின்று, மீண்டும் தொடங்கியது.

மறுநாள் காலை திரும்பும் வழியில் கடமானொன்று சாலின் நிழலில் நின்று குரலெழுப்பியது. வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். அரைமணி நேரம் காத்திருந்தும் புலி வரவில்லை, குரல் அடங்கியது. அந்நேரத்தில் தந்தையார் தம் சட்டைப்பையிலிருந்து தாளொன்றை எடுத்து, வழிகாட்டியின் ஊர்ப்பெயரை இந்தியில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். தன்கடி வாயிலில் வெளியேறும் நேரம் குறிக்கும் பதிவேட்டில், பார்த்த விலங்குகளைக் குறிப்பிட்டுக் கருத்து எழுதுவதற்கு ஒரு நிரல் இருந்தது. அதில் அவர் புலி, யானை, கரியல் என வரிசையாகத் தமிழில் எழுதி, அதற்கடுத்த வரியில், தாளைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்து, அவ்வூரின் பெயரை எழுதினார்.